நிறைகோல் என்னும் சொல்லும் நெல் அளக்கும் களமும்

நல்லாசிரியனுக்கு நன்னூலார் கூறிய உவமைகள் நான்கு. நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. இவற்றுள் மூன்று இயற்கையில் தோன்றியவை. நிறைகோல் ஒன்றே மக்கள் கைவினையாற் செய்தது. ஐயம் தீர்த்தலும் நடுவு நிற்றலும் அதன் இயல்புகள் என்று அவ்வாசிரியர் விளக்குகின்றார். இப்பகுதியைப் பாடங்கேட்கும் மாணவருட் பலர் நிறைகோல் என்பதற்கு 'எடை அறியும் கருவி' என்று ஏட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். அப்பொருள் முழுமையானதன்று என்பது நம் கருத்து. நிறைகோல் எடையை அறிவதில்லை. அது இரண்டு பொருள்களை ஒப்பிடுகின்றது; அவ்வளவே அதன் தொழில். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதாயின் மலரின் இத்தனை பக்கங்களை இதற்கெனக் கேட்க நாம் துணியோம். காவிரி பாயும் இந்நாட்டில் நெல்லை விளைப்பவர்க்கும் அதனை அளந்து கொள்பவர்க்கும் இடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கு இவ்வேறுபாட்டினுள் அடங்கிக் கிடக்கின்றது என்று நாம் கருதுவதாலேயே எழுதுகின்றோம்.

முதற்கண் கருவியை நோக்குவோம். நடுவிற் பிடித்துத் தூக்கப்பட்ட ஒரு கோல். அதன் இரு முனையிலும் தொங்கும் இரண்டு தட்டுகள். கோலின் நடுவே நிமிர்ந்து நிற்கும் முள். இம்முள்ளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் துலைநா என்பது. நா என்று அதனை அழைத்தவர் அது பேசும் என்று கருதினர் போலும். ஆனால் அந்நாவுக்குத் தெரிந்த சொற்கள் மூன்றே. வலப்பக்கம் மிகுந்தது, இடப்பக்கம் மிகுந்தது, இரண்டும் ஒத்தன என்பன அவை. ஒரு தட்டில் வெல்லத்தை வைத்து மறு தட்டை வெறுமையாக விட்டால், வெல்லம் காற்றினும் கனமானது என்னும் பயனற்ற செய்தி ஒன்றையே நாம் பெறுவோம். ஐந்து பலம், பத்துப் பலம் என்னும் எண்ணைச் சொல்வது கோல் அன்று. மறு தட்டிற் கிடக்கும் கல். கோல் நடுவன், கல் சான்று. நடுவன் எத்துணை நேர்மையுடையவனாயினும் சான்று பொய்யாயின் தீர்ப்பும் பொய்யே.

நம் மொழியின் வினைச்சொற்களும் இவ்வுண்மையையே காட்டுகின்றன. எடை என்னும் சொல் எடுத்தல் என்னும் வினையிற் பிறந்தது. தூக்கு என்பதும் மேலே உயர்த்துதலையே குறிக்கும். சீர்தூக்குதல் என்றால் நிறுத்தல் என்றும், இரண்டு கருத்துக்களை ஒத்துப் பார்த்து முடிவு செய்தல் என்றும் இருபொருள் பெறுகின்றோம். திருவள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்திற் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்கியபோது, கோல் முதலில் தான் சமனாக நின்று அதன் பின்னரே பிறவற்றைத் தூக்கும் என்னும் முறையை உள்ளத்திற் கொண்டே கூறினார். தொல்காப்பியர் இன்னும் ஒருபடி நுட்பமாக, அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் ஒன்பது எழுத்துக்களை முதலாகக் கொண்டு வரும் என்று எழுத்ததிகாரத்தில் ஒரு நூற்பாவே செய்தார். உரையாசிரியர் அதற்குக் காட்டும் கலம், நாழி, உழக்கு, கழஞ்சு, தொடி, பலம் முதலிய பெயர்களை நோக்கினால், அவை யாவும் கோலின் பெயர்கள் அல்ல என்பது புலனாகும். நாழியும் உழக்கும் ஏனங்கள். கழஞ்சும் பலமும் கற்கள். இலக்கணமும் சான்றையே எண்ணியது.

கோல் என்னும் சொல் வேறு பல இடங்களிலும் வந்து வழங்குகின்றது. அளவுகோல், செங்கோல், கொடுங்கோல் என்பன யாவரும் அறிந்தவை. சோழர் காலத்து நிலம் அளந்த பதினாறு சாண் கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். நிலத்தை அளப்பதற்கும், பொருளை நிறுப்பதற்கும், குடிகளை ஆள்வதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழி வேறு உண்டோ என நாம் அறியோம். வெள்ளிக்கோல் என ஒன்றும் இருந்தது. தட்டு ஒன்றே உடையது. பிடிக்கும் கயிற்றைக் கோலின்மேல் அங்குமிங்கும் நகர்த்தி நிறுப்பது. அதில் மறு தட்டு இல்லை. கோலின்மேற் பொறித்த புள்ளிகளே கல்லின் இடத்தில் நின்றன. அப்புள்ளிகளின் கணக்கு வணிகனுக்குத் தெரியும், வாங்குவோனுக்குத் தெரியாது. பிற்காலத்திற் பாரசீகத்திலிருந்து தராசு என்னும் சொல் வந்து துலாக்கோலைப் பேச்சு வழக்கிலிருந்து நீக்கியது. சொல் போனதைப் பற்றி நமக்குப் பெருந்துயரம் இல்லை; கருத்துப் போனதைப் பற்றியே துயரம்.

ஒப்பிடும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு பொருள்கள் ஒவ்வாதபோது, அவற்றுள் எது பிழைபட்டது என்பதை அது கூறமாட்டாது. இதனைத் தமிழ் மாணவர்க்குப் பனையோலையைக் கொண்டு விளக்குதல் எளிது. உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டு முதல் 1903-ஆம் ஆண்டு வரை கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அங்கிருந்த நாட்களிலேயே 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒன்றோடொன்று ஒப்பு நோக்குதலே அப்பணியின் பெரும்பகுதி. ஓர் ஏட்டில் ஒரு பாடமும் மற்றோர் ஏட்டில் வேறொரு பாடமும் இருந்தால், ஒப்பு நோக்குதல் வேற்றுமையைக் காட்டுமேயன்றி உண்மையைக் காட்டாது. யாப்பு, உரை, பிற நூல்களில் வந்த மேற்கோள், சமய நூலறிவு என வெளியேயிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தாலன்றித் தீர்வு இல்லை. ஐயர் தாமே சமணர் இல்லங்களுக்குச் சென்று அச்சமய நுட்பங்களைக் கேட்டறிந்தது அக்கல்லைத் தேடியே ஆகும்.

இதே இடர்ப்பாடு உலகத்தின் மிகச் சிறந்த கல்லுக்கும் நேர்ந்தது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த ஓர் உருளையே ஒரு கிலோகிராம் என 1889-இல் நாடுகள் கூடி முடிவு செய்து, அதனைப் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள செவ்ரு என்னும் ஊரில் வைத்தன. அதன் படிகள் பல நாடுகளுக்கும் வழங்கப்பட்டன. இந்தியாவுக்குரிய 57-ஆம் எண் படி புது தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உள்ளது. நூறாண்டு கழித்து மூலக்கல்லையும் படிகளையும் மிக நுண்ணிய ஒப்பளவுக் கருவியில் வைத்து நோக்கியபோது, ஏறத்தாழ ஐம்பது மைக்ரோகிராம் அளவுக்கு அவை தம்முள் வேறுபட்டு நின்றன. மூலக்கல் இளைத்ததா, படிகள் பருத்தனவா என்பதை எந்தத் தராசும் சொல்ல இயலவில்லை. மூலக்கல்லே கிலோகிராம் என்பது சட்டமாதலால், அது இளைத்திருப்பினும் உலகம் முழுவதும் பருத்துவிட்டது என்றே சொல்ல வேண்டியிருந்தது. இந்நகைப்புக்கிடமான நிலையைப் போக்கவே 2019-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் முதல் கிலோகிராமைப் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டு வரையறுத்தனர். பூட்டிய அறையில் ஒருவர் வைத்திருந்த கல்லினின்றும், தகுந்த கருவியுடையார் எவரும் எவ்விடத்தும் சோதித்து அறியக்கூடிய ஒன்றுக்கு உலகம் மாறியது. இச்செய்தியை நம் பௌதிக வகுப்பு நண்பர்கள் நம்மினும் நன்கு அறிவர். நாம் இங்கே வேண்டுவது அதன் கருத்தை மட்டுமே.

இனி, நம் தஞ்சைக்கு வருவோம். அவ்வுருளையைக் கிலோகிராம் என நாடுகள் ஏற்பதற்கு ஏறத்தாழ எண்ணூற்றெண்பது ஆண்டுகட்கு முன் இவ்வூரார் கல்லைப் பற்றிச் சிந்தித்திருந்தனர் என்பதற்குச் சான்று பெரிய கோயிலின் சுவரிலேயே உள்ளது. முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலிற் பொறித்துள்ள கல்வெட்டுக்களை அறிஞர் ஹுல்ட்ஸ் தென்னிந்தியச் சாசனங்களின் இரண்டாம் தொகுதியாகப் பதிப்பித்தார். அவற்றிற் பொன்னாற் செய்த பொருள்களைக் கூறுமிடத்து, ஆடவல்லான் என்னும் கல்லால் இத்தனை கழஞ்சு நிறை என்றும், மணிகள் இழைத்த அணிகலன்களைக் கூறுமிடத்துத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் இத்தனை கழஞ்சு நிறை என்றும் எழுதியிருக்கின்றது. நிறை மஞ்சாடி, குன்றி வரையிற் கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு கழஞ்சுக்கு இருபது மஞ்சாடி. ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றி. ஒரு பாத்திரத்தின் நிறையைக் குன்றிமணியளவுக்குச் சொல்லியவர், எக்கல்லால் என்பதைச் சொல்லாமல் விட்டாரல்லர் என்பதை நண்பர்கள் உற்று நோக்க வேண்டும். இவ்விரண்டும் அக்கோயிலில் எழுந்தருளிய இறைவனுக்குரிய பெயர்கள். தெய்வத்தின் பெயர் சுமந்த கல்லிற் குறை செய்ய எவரும் அஞ்சுவர் என்னும் எண்ணமும் அப்பெயரீட்டில் இருந்திருக்கலாம்.

நெல்லுக்கு வரும்போது கல்வெட்டு இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. கோயிலுக்கு வரவேண்டிய நெல்லையும், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கும் பிற பணியாளர்க்கும் பங்காகக் கொடுக்கவேண்டிய நெல்லையும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றதோடு அமையாமல், அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் குறிக்கின்றது. ஒக்கும் என்னும் அவ்வொரு சொல்லை நாம் பொன்னெனப் போற்றுகின்றோம். கோயில் மரக்கால் ஒன்று, அரசன் மரக்கால் ஒன்று, இரண்டும் ஒப்பு நோக்கப்பட்டன, ஒத்தன, அச்செய்தி எழுத்தறிந்தார் எவரும் படிக்கக்கூடிய சுவரில் வெட்டப்பட்டது. வரி வாங்கும் அளவும் கூலி கொடுக்கும் அளவும் ஒன்றே என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை எக்காலத்து ஆட்சி தந்தது? அக்கால ஆட்சியில் எல்லாம் நலமே என்று கூற நாம் வரவில்லை. தளிச்சேரிப் பெண்டிர் தம் விருப்பத்தால் வந்தனரா என்பதும், குடிகள் அவ்வரியைச் சுமக்க வல்லராயிருந்தனரா என்பதும் வேறு கேள்விகள். அளவை மட்டும் மறைக்கவில்லை என்பதே நாம் கூறுவது.

மரக்கால் என்னும் இச்சொல் கிறித்தவராகிய நமக்கு வேறொரு வழியாலும் பழக்கமானது. இதே தஞ்சைக் கடற்கரையில், தரங்கம்பாடியில், 1714-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் அச்சிடத் தொடங்கிய புதிய ஏற்பாடு தமிழில் வேதாகமத்தின் முதல் அச்சு. பின்வந்த மொழிபெயர்ப்பாளர்கள் எபிரெயரின் தானிய அளவுக்கு மரக்கால் என்னும் நம் களத்துச் சொல்லையே எடுத்தனர். ஏசாயாவின் நாற்பதாம் அதிகாரத்தில் மரக்கால், துலாக்கோல், தராசு ஆகிய மூன்றும் ஒரே வசனத்தில் வந்து நிற்பதைக் காணலாம். ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டித்த வணிகர் மரக்காலைச் சிறிதாக்கி நிறைகல்லைப் பெரிதாக்கியவர்கள். மோசேயின் நியாயப்பிரமாணமோ, பெரிதும் சிறிதுமான இருவகை அளவை ஒருவன் தன் வீட்டில் வைத்திருத்தலையே விலக்குகின்றது. வஞ்சித்த பின்னரன்று, வைத்திருத்தலே குற்றம் என்பது அச்சட்டத்தின் நுட்பம். லூக்கா ஆறாம் அதிகாரத்தில் அமுக்கியும் குலுக்கியும் மேலே சரியச் சரியவும் அளந்து கொடுத்தலைப் பற்றி நம் ஆண்டவர் பேசுகின்றார். நெற்களத்தைப் பாராத ஊரில் இது அழகிய அணியாக மட்டும் தோன்றலாம். நம் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு நெல் கொண்டுவரும் தாய்மாருக்கு அப்பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அமுக்கினால் எத்தனை பிடி கூடும், தலைதட்டினால் எத்தனை பிடி குறையும் என்பது அவர்கள் கைக்கே தெரியும்.

ஆம், மரக்காலும் ஒப்பிடும் கருவியே; ஆனால் கோலினும் வளைந்து கொடுப்பது. நெல்லை மெல்லப் பெய்தால் ஓரளவு கொள்ளும்; அசைத்துப் பெய்தால் மிகுதியாகக் கொள்ளும். கோபுரமாகக் குவித்தல் ஒரு வகை. விளிம்போடு வழித்துத் தலைதட்டல் ஒரு வகை. களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்னாமல் லாபம் என்று சொல்லித் தொடங்குவர். நல்வாக்காகச் சொல்லும் வழக்கம் அது. யாருக்கு லாபம் என்பதை மரக்கால் பிடித்த கையே முடிவு செய்தது. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஒரு மரக்காலுக்கு எட்டு நாழி. மரக்காலுக்கு ஓர் ஆழாக்குக் குறைந்தால் அது நாழியில் எட்டில் ஒரு பங்கு. கலத்துக்கு ஒன்றரை நாழி. தான் உண்ணும் சோற்றைக் கூலி நெல்லினின்றும் எடுக்கவேண்டிய ஒருவனுக்கு இது சிறு கணக்கன்று. வாங்கும்போது பெரிய மரக்கால், கூலி கொடுக்கும்போது சிறிய மரக்கால் என்னும் முறையீடு தஞ்சைத் தரணியில் நெடுங்காலம் ஒலித்தது. 1940-களில் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டபோது, சாட்டையடியும் சாணிப்பால் புகட்டலும் ஒழிய வேண்டும் என்னும் கோரிக்கைகளோடு, முத்திரையிட்ட மரக்காலாற் கூலி அளக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் சேர்ந்து நின்றது. 1944-இல் மன்னார்குடியில் உடன்படிக்கை ஏற்பட்டது. உடலின்மேல் விழும் அடியையும் மரக்காலில் விழும் குறையையும் அம்மக்கள் ஒரே வரிசையில் வைத்து எண்ணினர் என்பது சிந்திக்கத்தக்கது.

குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் காக்கும் சட்டம் 1952-இல் தஞ்சை மாவட்டத்திற்கென்றே வந்தது. அதன் பின்னரும் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் ஒரு குடிசையில் எரிந்து மாண்டன. பெண்டிரும் குழந்தைகளுமே மிகுதி. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதையொட்டி மூண்ட பகையின் முடிவு அது. உலகமெங்கும் கிறிஸ்து பிறப்பின் கீதங்கள் ஒலித்த இரவு அது என்பதை நாம் மறக்கவில்லை. அதன்பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்ததும், 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்ததும் வரலாறு. இத்துயரத்தை நெல்லளவின் கணக்காகச் சுருக்கிவிடுதல் தகாது. சாதியும் நிலவுடைமையும் அதிற் பெரும்பங்கு கொண்டன. ஆயினும் ஒரு பிடி நெல்லின் வழக்கைத் தீர்ப்பதற்கு இருதரத்தாரும் நம்பிய ஒரு கல் இல்லாத நாட்டில் அவ்வழக்கு எங்கே போய் முடியும் என்பதை அவ்வூர் காட்டிற்று.

இன்று மரக்கால் களத்தைவிட்டு நீங்கிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக வந்தன. இப்போது நடைமுறையிலுள்ளது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். கலமும் மரக்காலும் முதியோர் பேச்சில் மட்டும் உயிர் வாழ்கின்றன. குறுவை, சம்பா, தாளடி என எப்போகத்து நெல்லாயினும் பெரும்பகுதி நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கே செல்கின்றது. அங்கே நாற்பது கிலோ கொண்ட மூட்டையாகக் கட்டி, மின்னணுத் தராசில் நிறுத்து, கொள்கின்றனர். தராசின் முகத்திற் சிவந்த எண்கள் ஒளிர்கின்றன. கோல் இல்லை, நா இல்லை, தட்டும் ஒன்றே. பழைய வெள்ளிக்கோல் புது உடையில் திரும்பி வந்திருக்கின்றது என்று நமக்குத் தோன்றுவது இதனாலேதான்.

மின்னணுத் தராசு ஒப்பிடும் கருவியன்று, தானே எடையறியும் கருவி என்று சிலர் கருதுவர். அது தவறு. அதனுள்ளே ஓர் உலோகத் துண்டு உளது. சுமை ஏறும்போது அது மயிரிழையளவு வளைகின்றது. அவ்வளைவினால் அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகின்றது. எத்தனை மாற்றத்துக்கு எத்தனை கிலோ என்பதைத் தராசு தானாக அறியாது. தெரிந்த எடையுள்ள கல்லை முன்னொரு நாள் அதன்மேல் வைத்து, இதுதான் இருபது, இதுதான் நாற்பது என்று ஒருவர் கற்பித்திருக்கின்றார். இன்று வைத்த மூட்டையை அன்று வைத்த கல்லோடு அது ஒப்பிடுகின்றது. மறு தட்டு இல்லாமற் போகவில்லை. கடந்த காலத்திற் போய் மறைந்திருக்கின்றது. நெல்லின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவியின் கதையும் இதுவே. உலர்த்தி நிறுத்து அறிந்த நெல்லோடு ஒப்பிட்டு அதற்கும் எண் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. நூற்றுக்குப் பதினேழு என்பது பொதுவாக ஏற்கும் ஈரப்பதத்தின் எல்லை. ஐப்பசி மழையில் அறுவடையாகும் குறுவை நெல்லுக்கு அந்தப் பதினேழு என்பது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயை நிறுத்தி வைக்கும் எண். மழை மிகுந்த சில ஆண்டுகளில் மத்திய அரசு அவ்வெல்லையைத் தளர்த்தியதும் உண்டு. எல்லை எதுவாயினும், கருவியின் எண் சரியா என்று நெல்லுக்குரியவன் எவ்வாறு அறிவான்?

மூட்டைக்கு ஒரு கிலோ மிகுதியாகக் கொள்ளப்பட்டால் நூறு மூட்டைக்கு நூறு கிலோ; இரண்டரை மூட்டை நெல் எடையின்றி மறைந்து போகின்றது. இது நம் கற்பனைக் கணக்கே; ஆயினும் இக்கணக்கை மனத்திற் போட்டுப் பாராத உழவர் இந்நாட்டில் இல்லை. கருவி உண்மையே கூறினாலும் ஐயம் தீர்வதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது. ஐயந்தீர்த்தல் நிறைகோலின் முதற் குணம் என்று நன்னூலார் கூறினாரல்லரோ? ஐயத்தைத் தீர்க்காத தராசு சரியாக நிறுப்பினும் தன் தொழிலிற் பாதியையே செய்கின்றது.

அரசாங்க முத்திரை இருக்கின்றதே, அது போதாதோ என்று கேட்பர். முத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையினர் மின்னணுத் தராசுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரையிடும் முறை நல்ல முறையே. நம் வேதாகமத்தின் நீதிமொழிகளில் நிறைகல்லுக்கு அடையாக வரும் சுமுத்திரை என்னும் சொல்லையும் இங்கே நினைக்கின்றோம். ஆனால் ஆண்டில் ஒரு நாள் இட்ட முத்திரை அந்நாளைக்குச் சான்று. எஞ்சிய முந்நூற்றறுபத்துநான்கு நாட்களும், வெயிலிலும் தூசியிலும் மூட்டைகள் தொப்பெனப் போடப்படும் மேடைமேல் கிடக்கும் தராசு, எவர் மனத்திலும் வஞ்சம் இல்லாமலே பிறழக்கூடும். தராசின் அடியில் ஒரு கைப்பிடி நெல் புகுந்து தடுத்தாலும் போதும்.

இதற்கு மருந்து பழையது, எளியது. போர்தா என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரால் ஒரு முறை வழங்குகின்றது. தராசின் கோல் ஒருபுறம் நீண்டு கோணலாயிருப்பினும் கவலை இல்லை. பொருளை ஒரு தட்டில் வைத்து மறு தட்டில் மணலைப் பெய்து சமன் செய்க. பின்பு பொருளை எடுத்துவிட்டு, அது இருந்த அதே தட்டில் எடைக்கற்களை வைத்து மீண்டும் சமன் செய்க. அக்கற்களின் எடையே பொருளின் எடை. ஒரே இடத்தில் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பதால், கருவியின் கோணல் இரண்டுக்கும் பொதுவாகி நீங்குகின்றது. பொய்த்தராசையும் மெய் பேசுவிக்கும் முறை என்று இதனைக் கூறலாம். ஒரு தட்டே உடைய மின்னணுத் தராசுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. நெல் கொள்ளும் ஒவ்வொரு நிலையத்திலும், முத்திரையிட்ட இருபது கிலோ இரும்புக் கற்கள் இரண்டு, தராசின் அருகே எவரும் காணும்படி வைக்கப்பட வேண்டும். தன் நெல்லை நிறுப்பதற்கு முன் அவ்விரண்டையும் தராசின்மேல் ஏற்றிப் பார்க்கும் உரிமை, மூட்டை கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும், அம்மூட்டையைச் சுமந்து கூலி பெறுபவருக்கும் உண்டு என்று அங்கே தமிழில் எழுதி வைக்க வேண்டும். கேட்டுப் பெறும் சலுகையாக அது இருத்தல் ஆகாது. கேட்க அஞ்சுபவர் மிகப் பலர். ஈரப்பதக் கருவிக்கும், ஈரம் அறிந்த மாதிரி நெல்லைக் காற்றுப்புகாத குப்பியில் வைத்து நாள்தோறும் சோதித்துக் காட்டலாம். எடைக்கல்லின் எண்ணையும் முத்திரையிட்ட நாளையும் சுவரில் எழுதுவதற்குச் சோழனைப் போல் உளியும் வேண்டுவதில்லை. சிறிது வண்ணம் போதும்.

நேரம் வீணாகும் என்பர் சிலர். இரண்டு கற்களை ஏற்றி இறக்க ஒரு நிமிடம் ஆகாது. ஈரம் உலரட்டும் என்று நெல்லைக் கொட்டிக்கொண்டு நாட்கணக்கிற் காத்திருப்பவர் அந்த ஒரு நிமிடத்தைப் பொறாரோ? கல் களவுபோகும் என்பர் வேறு சிலர். அங்ஙனம் அஞ்சுவோர் அதனை மேடையோடு சங்கிலியிட்டுப் பிணைத்து வைக்கலாம். சங்கிலி தராசை எட்டும் அளவு நீளமாக இருத்தல் வேண்டும்.